மங்கல் படம், எரியாத ஃப்ளாஷ், சண்டித்தனம் செய்யும் லென்ஸ்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

படம் சரியாக வரவில்லை என்றதும் அடுத்த லென்ஸைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி ஒரு சுவிட்சாகவோ மறந்துபோன ஒரு செட்டிங்காகவோ களைத்துப்போன பேட்டரியாகவோதான் இருக்கும். கீழே உள்ளவை அறிகுறி வாரியாக உள்ளன. ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், பணம் போகும் இடம் கடைசியில் வரும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இவை

லென்ஸின் முன்னால் இருக்கும் ஃபில்டரைக் கழற்றுங்கள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மோடை ‘பி’க்கு (P, புரோகிராம்) மாற்றி, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். அது நன்றாக வந்தால் கருவியில் கோளாறு இல்லை, செட்டிங்கில்தான் கோளாறு.

கெட்ட படத்தைக் கணினியில் 100 சதவீத அளவில் திறந்து, அதன் ஷட்டர் வேகம், அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஃபோக்கல் லெங்த் (லென்ஸின் மி.மீ. எண்) நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு எண்களும் இல்லாமல் காரணம் தேடுவது வீண்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே பாடியில் வேறு லென்ஸ், பிறகு அதே லென்ஸை வேறு பாடியில். கோளாறு லென்ஸோடு போகிறதா, பாடியோடு தங்குகிறதா என்பது இந்த இரண்டு படங்களிலேயே தெரிந்துவிடும். நண்பரிடம் ஒரு மணி நேரம் இரவல் வாங்கினால் போதும்.

## 1. படம் கூர்மையாக இல்லை

மங்கல் என்று பொதுவாகச் சொல்வதில் ஐந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எந்த வகை மங்கல் என்று பிரித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

### 1அ. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது

விளக்குப் புள்ளிகளைப் பாருங்கள். புள்ளி சின்னக் கோடாக மாறியிருந்தால் அது கை அசைவு. லென்ஸ் மேல் பழி போட வேண்டாம்.

பழைய விதி இன்னும் உதவும்: ஷட்டர் வேகம் குறைந்தது ‘1/ஃபோக்கல் லெங்த்’ இருக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் கேனானுக்கு 1.6ஆலும் நிகான், சோனிக்கு 1.5ஆலும் பெருக்குங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 1/80, 200 மி.மீ.க்கு 1/320. 24 மெகாபிக்சலும் அதற்கு மேலும் உள்ள பாடியில் 100 சதவீதத்தில் பார்ப்பவர் என்றால் அதையும் இரட்டிப்பாக்குவது நல்லது. இந்த விதி ஃபிலிம் காலத்துக் கணக்கு.

லென்ஸில் கை அசைவை ஈடுசெய்யும் ஸ்டெபிலைசர் இருந்தும் இழுபடுகிறதா? சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி ஒரு நொடி பொறுத்து, பிம்பம் அமர்ந்த பிறகு முழுதாக அழுத்துங்கள். ஒரே மூச்சில் குத்தினால் ஸ்டெபிலைசர் விழிப்பதற்குள் படம் முடிந்துவிடும்.

முக்காலியில் வைத்தும் இழுபட்டால்: ஸ்டெபிலைசரை அணையுங்கள் (பழைய லென்ஸ்கள் முக்காலியில் தாமாகவே அதிர்வைக் கிளப்பும்), நடுத்தண்டை இறக்குங்கள், 2 நொடி டைமர் வையுங்கள். டிஎஸ்எல்ஆரில் 1/30 முதல் 1/2 நொடி வரையுள்ள வேகங்களில் உள்ளே இருக்கும் கண்ணாடி (மிரர்) எழும்பும் அதிர்ச்சியே படத்தைக் கெடுக்கும். மிரர் லாக்கப் (கண்ணாடியை முன்கூட்டியே எழுப்பி வைப்பது) அல்லது லைவ் வியூ (பின்திரையில் பார்த்து எடுப்பது) அதைத் தீர்க்கும்.

### 1ஆ. பின்னணி கூர்மை, ஆள் மட்டும் குழம்பல்

அசைந்தது ஆள்தான். ஸ்டெபிலைசர் இங்கே எதுவும் செய்யாது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்டெபிலைசர் உள்ள லென்ஸ் வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. உட்கார்ந்து பேசுபவருக்கு 1/125, நடப்பவருக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500, விளையாட்டுக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000 என்று தொடங்குங்கள்.

வேகம் கூடக் கூட வெளிச்சம் போதாது. முதலில் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், 3200 வரை தயங்க வேண்டாம். மணல் தூவியது போன்ற நாய்ஸை மென்பொருளில் குறைக்கலாம், குழம்பிய முகத்தை எதனாலும் மீட்க முடியாது.

ஐஎஸ்ஓவும் தீர்ந்துவிட்டது, ஃப்ளாஷும் கூடாது என்ற நிலை வந்தால் லென்ஸ் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப்/5.6 தான் திறக்கும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/15இல் தடுமாறிய அதே அறையில் அதே ஐஎஸ்ஓவில் 1/125 கிடைக்கும். பாடியை மாற்றினாலும் சாதாரணமாக இவ்வளவு லாபம் வராது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: எஃப்/1.8இல் அருகிலிருந்து எடுக்கும் முகத்தில் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் வரலாம். அது கோளாறு அல்ல. எஃப்/2.8க்கு மூடிப் பாருங்கள்.

### 1இ. ஆள் மங்கல், முன்னாலோ பின்னாலோ ஏதோ ஒன்று கூர்மை

ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. சோதிக்க வேண்டிய வரிசை இது.

முதலில் ஃபோகஸ் புள்ளி. கேமராவே புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் மோடில் இருந்தால் அது பெரும்பாலும் அருகில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். முகத்துக்கு முன்னால் இருக்கும் இலை ஜெயிக்கும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றிக் கண்ணில் வையுங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள்.

அடுத்தது மோட். அசையும் ஆளைத் தொடர்ந்து பிடிக்காத ஒற்றை ஃபோகஸில் எடுத்தீர்களா? ஃபோகஸ் பூட்டிய பிறகு அவர் ஒரு அடி முன்னால் வந்தாலே போதும், எஃப்/1.8இல் படம் போய்விடும். நடுப்புள்ளியில் பூட்டிவிட்டு கேமராவைத் திருப்பி ஃப்ரேம் மாற்றும் பழக்கமும் இதே தவறைச் செய்யும்.

இவை இரண்டும் சரி, ஆனாலும் எப்போதும் ஒரே பக்கமாகத் தவறுகிறது, அதுவும் டிஎஸ்எல்ஆரில் என்றால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்:

1. ஐந்து ஏஏ பேட்டரிகளை மேசையில் சாய்வான வரிசையாக, ஒன்றைவிட ஒன்று சற்றுப் பின்னால் இருக்கும்படி நிறுத்துங்கள்.
2. ஃபோக்கல் லெங்த்தைப் போல 50 மடங்கு தூரத்தில் முக்காலியை வையுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 2.5 மீட்டர்.
3. அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, வ்யூஃபைண்டர் வழியாக நடு பேட்டரியில் ஃபோகஸ் செய்து ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன் ஃபோகஸ் வளையத்தைக் கலைத்துவிடுங்கள்.
4. அசைக்காமல் லைவ் வியூவுக்கு மாறி, பெரிதாக்கிப் பார்த்து, அதே பேட்டரியில் ஒரு படம் எடுங்கள்.

லைவ் வியூ படம் கூர்மை, மற்ற ஐந்தும் ஒரே பக்கமாகத் தவறியிருந்தால் லென்ஸும் பாடியும் ஒத்துப்போகவில்லை. நடுத்தர, உயர்நிலை பாடிகளின் மெனுவில் உள்ள ஏஎஃப் ஃபைன் ட்யூன் (கேனானில் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்) ±20 வரை தரும். 5 படிகளாக நகர்த்திச் சோதியுங்கள். தொடக்கநிலை பாடிகளில் இது இருக்காது. அப்போது லென்ஸையும் பாடியையும் சேர்த்தே சர்வீசுக்குக் கொடுக்க வேண்டும், ஒன்றை மட்டும் கொடுப்பது வீண் நடை.

ஐந்து படமும் ஐந்து விதமாகத் தவறினால் ஃபைன் ட்யூனைத் தொடாதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி எடுங்கள். அப்போதும் சிதறினால் ஃபோகஸ் மோட்டாரையோ பாடியின் ஃபோகஸ் சென்சாரையோ சர்வீசில்தான் பார்க்க வேண்டும். லைவ் வியூ படமும் மங்கல் என்றால் 1ஈக்கும் 1உக்கும் போங்கள்.

அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் ஃபோகஸைச் சென்சாரே அளப்பதால் இந்தத் தலைவலி அநேகமாக இல்லை.

### 1ஈ. ஒரு ஓரம் மட்டும் மங்கல்

லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கலாம். கீழே விழுந்த லென்ஸில் இது சாதாரணம். ஆனால் நீங்களே கேமராவைக் கோணலாகப் பிடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பிரித்தறிய: செங்கல் சுவருக்கு நேராக முக்காலி வைத்து, சுவரின் இடக்கோடியில் ஒரு காகிதத்தை ஒட்டுங்கள். நடுவில் ஃபோகஸ் செய்து, திறந்த அபெர்ச்சரில் ஒரு படம். பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, அதே இடத்திலிருந்து இன்னொரு படம்.

மங்கல் சுவரின் மறுகோடிக்குத் தாவினால் லென்ஸ்தான் குற்றவாளி. காகிதம் ஒட்டிய பக்கத்தைவிட்டு நகராமல் அங்கேயே இருந்தால் நீங்கள் வைத்த கோணம்தான் தவறு.

லென்ஸ் குற்றவாளி என்றால் எஃப்/8இல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அங்கே சரியாகிவிட்டால், இயற்கைக் காட்சி மட்டும் எடுப்பவர் அப்படியே காலம் தள்ளலாம். வாரண்டி இருந்தால் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்த கிட் லென்ஸைச் சரிசெய்யக் கொடுப்பதைவிட அதே மாதிரி பழைய லென்ஸ் ஒன்றை வாங்குவது பெரும்பாலும் மலிவு.

### 1உ. முழுப் படமும் பனி மூடியதுபோல் சோகையாக

ஃபில்டர், கைரேகை, உள்ளே பூஞ்சை என்ற வரிசையில் பாருங்கள். பின் கண்ணாடியில் உள்ள கைரேகை முன் கண்ணாடியில் உள்ளதைவிட அதிகக் கேடு. முதலில் ப்ளோயரால் ஊதி, பிறகுதான் துணி. ஊதாமல் துடைத்தால் மணல்துகள் கோடு போடும். பூஞ்சைச் சோதனை 4ஆவது அறிகுறியில் இருக்கிறது.

எஃப்/22இல் எடுத்து ‘எல்லாம் ஃபோகஸில் இருக்க வேண்டுமே, ஏன் மங்கல்’ என்று கேட்பவரும் உண்டு. ஏபிஎஸ்-சியில் எஃப்/16ஐத் தாண்டினால் துளையின் சிறுமையே கூர்மையைத் தின்னும். எஃப்/8, எஃப்/11 போதும். நீண்ட டெலி லென்ஸில் வெயில் நேரத் தரைச்சூடு அலையடித்தால், அதற்கு மருந்து காலையில் எடுப்பதுதான்.

## 2. ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லை

### 2அ. மோட்டார் சத்தமே இல்லை

லென்ஸின் பக்கவாட்டில் ஏஎஃப்/எம்எஃப் (தானாக ஃபோகஸ்/கையால் ஃபோகஸ்) சுவிட்ச்: பையில் உரசியே இது மாறிவிடும். அடுத்து, ஃபோகஸைப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றி வைத்திருக்கிறதா? பழைய பாடி வாங்கியவர்கள் முந்தைய உரிமையாளரின் செட்டிங்கை அப்படியே சுமந்துகொண்டிருப்பார்கள். மெனுவில் ரீசெட் செய்யுங்கள்.

மூன்றாவது, பொருத்தம். நிகான் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்கள் அவற்றில் கையால்தான் ஃபோகஸ் ஆகும். டிஎஸ்எல்ஆர் லென்ஸை நிகான் மிரர்லெஸ்ஸில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் அந்த லென்ஸ்களை ஓட்டும் மோட்டார் இல்லை. ஏஎஃப்-பி லென்ஸ்கள் பழைய டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் ஃபோகஸே ஆகாது. பழைய லென்ஸை மலிவாக வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். வாங்கிய பிறகு சர்வீஸ்காரரால் எதுவும் செய்ய முடியாது.

நான்காவது, தொடர்பு முனைகள். சுத்தம் செய்யும் முறை 3இல்.

### 2ஆ. முன்னும் பின்னும் ஓடித் தேடுகிறது, நிற்கவில்லை

- ரொம்ப அருகில் நிற்கிறீர்கள். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்கள் பொதுவாக 35-45 செ.மீ.க்குள் ஃபோகஸ் ஆகாது. இந்த தூரம் சென்சாரிலிருந்து அளப்பது, லென்ஸ் நுனியிலிருந்து அல்ல.
- டெலி அல்லது மேக்ரோ லென்ஸின் தூர வரம்புச் சுவிட்ச் தவறான பக்கம் இருக்கிறது.
- வெற்றுச் சுவர், பனி, நீலவானம்: பிடிக்க விளிம்பே இல்லை. அதே தூரத்தில் ஒரு விளிம்பைப் பிடியுங்கள்.
- டெலிகன்வர்ட்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டிப் பிம்பத்தைப் பெரிதாக்குவது). எஃப்/5.6 லென்ஸில் 2 மடங்குக் கன்வர்ட்டர் போட்டால் எஃப்/11 ஆகிவிடும். பல டிஎஸ்எல்ஆர்கள் எஃப்/5.6உடன் கைவிரித்துவிடும்.

### 2இ. அரைக்கும் சத்தம், அல்லது ஒரே இடத்தில் சிக்குகிறது

நிறுத்துங்கள். வளையத்தைப் பலவந்தமாகத் திருப்பினால் பல்சக்கரத்தின் பற்கள் போகும். இது சர்வீஸ் வேலை.

ஆனால் கேனானின் எஸ்டிஎம், நிகானின் ஏஎஃப்-பி வகை லென்ஸில், கேமரா அணைந்திருக்கும்போது வளையம் சும்மா சுற்றுவது கோளாறு அல்ல. அந்த வளையம் வெறும் மின்சுவிட்ச், கண்ணாடியோடு அதற்கு நேரடிப் பிணைப்பு இல்லை.

## 3. திரையில் பிழைச் செய்தி, அல்லது எஃப் எண் காட்டவில்லை

கேனானில் ‘எர்ர் 01’ என்பதும் நிகானில் ‘எஃப்’ எழுத்துக்குப் பின் இரண்டு கோடுகள் வருவதும் லென்ஸும் பாடியும் பேசிக்கொள்ளவில்லை என்பதையே சொல்கின்றன. நிகானில் ‘எஃப்இஇ’ வந்தால் இன்னும் எளிது: லென்ஸின் அபெர்ச்சர் வளையத்தை மிகப் பெரிய எண்ணில் (பெரும்பாலும் 16 அல்லது 22) வைத்துப் பூட்டுங்கள், முடிந்தது.

மற்றவற்றுக்கு:

1. அணைத்து, பேட்டரியை எடுத்து, லென்ஸைக் கழற்றி மறுபடி ‘கிளிக்’ கேட்கும்வரை திருப்புங்கள்.
2. லென்ஸ், பாடி இரண்டின் பொன்னிற முனைகளையும் நூல் உதிராத துணியில் ஒரு சொட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். கேமராவை வாய் கீழாகப் பிடியுங்கள். பென்சில் ரப்பர் வேண்டாம். துருவல் சென்சாருக்குள் விழும், பொன்பூச்சும் தேயும்.
3. வேறு லென்ஸ் போடுங்கள். அதிலும் பிழை வந்தால் பாடியில்தான் கோளாறு.

சுத்தம் செய்தும் அந்த ஒரு லென்ஸில் மட்டும் பிழை வருகிறதா? இங்கேதான் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அபெர்ச்சரை முழுதாகத் திறந்து (கிட் லென்ஸில் 18 மி.மீ., எஃப்/3.5) பத்துப் படம் எடுங்கள். பிறகு எஃப்/8இல் பத்து.

திறந்த நிலையில் பத்தும் வந்து, எஃப்/8இல் பிழை வந்தால் அபெர்ச்சர் இதழ்களை மூடும் பகுதி போய்விட்டது. குறிப்பிட்ட ஒரு ஜூம் நிலையில் மட்டும் பிழை வந்தால் உள்ளே மடங்கி மடங்கி நீளும் பட்டைக் கேபிள் விரிசல் விட்டிருக்கிறது. இரண்டும் பிரித்து மாற்றும் வேலைகள். சர்வீசுக்குப் போகும்போது ‘எர்ர் 01 வருகிறது’ என்று மட்டும் சொல்லாமல் இந்த விவரத்தையும் சொல்லுங்கள், தேடும் நேரம் மிச்சம். வேறு வழியில்லாத நாளில், லென்ஸை முழுதாகத் திறந்தே வைத்து வேலையை முடித்துவிடலாம்.

## 4. படத்தில் புள்ளி, கறை, நூல்

எஃப்/16இல், ஐஎஸ்ஓ 100இல், வெள்ளைச் சுவரையோ மேகமற்ற வானத்தையோ ஃபோகஸ் கலைத்து எடுங்கள். கை அசைந்தாலும் பரவாயில்லை. பிறகு எஃப்/2.8 அல்லது முடிந்தவரை திறந்து இன்னொன்று.

எஃப்/16இல் கரும்புள்ளி, திறந்தால் மறைகிறது, லென்ஸை மாற்றினாலும் அதே இடத்தில் இருக்கிறது: சென்சார் தூசு. மெனுவில் உள்ள சென்சார் சுத்தம் செய்யும் வசதியை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். போகாவிட்டால் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்க, கையால் சுத்தம் செய்யும் மோடில் கேமராவை வாய் கீழாகப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். அழுத்தக் காற்று டப்பா கூடாது. அதன் திரவம் தெறித்துக் கறையாகும். வாயால் ஊதுவது அதைவிட மோசம்.

எங்கே ஊதுவது? பிம்பம் சென்சாரில் தலைகீழாக விழுவதால், படத்தின் மேல் இடதில் தெரியும் புள்ளி, கேமராவை நேராக வைத்து முன்னாலிருந்து பார்க்கும்போது சென்சாரின் கீழ் இடதில் இருக்கும்.

ஊதியும் நகராதது எண்ணெய்த் துளி. சென்சாரைத் துடைக்கும் ஸ்வாப் வேண்டும்: ஃபுல் ஃப்ரேமுக்கு 24 மி.மீ., ஏபிஎஸ்-சிக்கு 16 மி.மீ. சென்சார் சுத்தம் செய்யும் திரவம் இரண்டு சொட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால் ஒரே இழுப்பு, பிறகு ஸ்வாபைக் குப்பையில் போடுங்கள். சிக்கனம் பார்த்து இரண்டாம் முறை பயன்படுத்தினால் கீறல்தான் மிஞ்சும். கை நடுங்குபவர் சர்வீசில் கொடுத்துவிடலாம், அதில் வெட்கம் இல்லை.

லென்ஸுக்குள் தூசு தெரிகிறது, படத்தில் தெரியவில்லை: விட்டுவிடுங்கள். எல்லா ஜூம் லென்ஸும் தூசு உறிஞ்சும். நாலைந்து துகளுக்காக லென்ஸைப் பிரிப்பது நோயைவிடப் பெரிய மருந்து.

சிலந்தி வலைபோல் கிளைவிடும் நூல்கள்: பூஞ்சை. இருட்டறையில் அபெர்ச்சரைத் திறந்து, ஒரு முனையில் ஃபோன் டார்ச்சை அடித்து, மறுமுனையில் சாய்வாகப் பாருங்கள். பழைய லென்ஸ் வாங்கும்போது இதைச் செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது. ஓரத்தில் சிறு புள்ளி என்றால் படத்தில் தெரியாது. ஆனால் வளரும், கண்ணாடியின் பூச்சை அரிக்கும், அரித்த தழும்பு சுத்தம் செய்தாலும் போகாது. சர்வீசில் சுத்தம் செய்யும் செலவு லென்ஸின் பாதி விலையைத் தாண்டினால் லென்ஸை விட்டுவிடுங்கள்.

வராமல் தடுக்க, காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பத மானி. 40-50 சதவீதம் ஈரப்பதம் போதும். லென்ஸோடு வந்த தோல் உறையில் மாதக்கணக்கில் வைப்பதுதான் பூஞ்சைக்கு விதைப்பு.

## 5. ஃப்ளாஷ்

முன்னெச்சரிக்கை ஒன்று: பேட்டரியை எடுத்த பிறகும் ஃப்ளாஷின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். எந்த அறிகுறிக்காகவும் ஃப்ளாஷைத் திறக்காதீர்கள்.

### 5அ. எரியவே இல்லை

ஃப்ளாஷின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அழுத்தியும் எரியவில்லை என்றால் பேட்டரி அல்லது ஃப்ளாஷ். நான்கையும் ஒரே தொகுப்பிலிருந்து புதிதாகச் சார்ஜ் செய்து போடுங்கள். உள்ளே பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் அது அல்கலைன் கசிவு. காது குடையும் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹால், பிறகு நன்றாகக் காயவிடுங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஃப்ளாஷ் முதல் முறை மெதுவாகத்தான் சார்ஜ் ஆகும், ஒரு நிமிடம் பொறுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் தயார் விளக்கு வரவில்லை என்றால் சர்வீஸ்.

டெஸ்ட் பட்டனில் எரிகிறது, கேமராவில் எரியவில்லை என்றால்: ஹாட் ஷூவில் (கேமராவின் மேல் ஃப்ளாஷ் மாட்டும் இடம்) கடைசிவரை தள்ளிப் பூட்டுங்கள். அரை மில்லிமீட்டர் வெளியே இருந்தாலும் முனை படாது. கேமரா சைலண்ட் அல்லது எலெக்ட்ரானிக் ஷட்டரில் இருக்கிறதா? பெரும்பாலான மிரர்லெஸ்களில் அப்போது ஃப்ளாஷ் எரியாது. மிகப் பரவலாக ஏமாற்றுவது இதுதான். மெனுவில் ஃப்ளாஷ் எரிவது அணைக்கப்பட்டிருக்கலாம். கேனான் 200டி மார்க் II (250டி) பாடியின் ஷூவில் நடு முனையே கிடையாது, ஆகவே எளிய மேனுவல் ஃப்ளாஷ் அதில் எரியாது, தனியே வைத்த ஃப்ளாஷை எரியவைக்கும் எளிய ட்ரிகரும் வேலை செய்யாது.

### 5ஆ. எரிகிறது, ஆனாலும் படம் இருட்டு

ஃப்ளாஷின் வலிமையைச் சொல்லும் கைடு எண்ணை அபெர்ச்சரால் வகுத்தால் எட்டும் தூரம். ஐஎஸ்ஓ 100இல் 40 கைடு எண் உள்ள ஃப்ளாஷ் எஃப்/8இல் 5 மீட்டர். ஐஎஸ்ஓ 400 போட்டால் 10 மீட்டர். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் ஃப்ளாஷின் தலையை முழுதாக ஜூம் செய்து அளந்தது, 35 மி.மீ.யில் அது நன்றாகவே குறையும்.

கூரையில் பவுன்ஸ் செய்தால் ஏறக்குறைய 2 ஸ்டாப் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), உயரமான கூரை அல்லது அடர்ந்த நிறம் என்றால் இன்னும் அதிகம். ஹை ஸ்பீடு சின்க் (வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் எரியும் மோட்) போட்டால் வலிமை இன்னும் சரியும். ஆகவே வரிசை இது: ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றுங்கள், அபெர்ச்சரைத் திறங்கள், ஷட்டரை 1/200க்கு இறக்குங்கள், ஃப்ளாஷ் காம்பன்சேஷனைப் பாருங்கள், தலையில் மாட்டிய பிளாஸ்டிக் டிஃப்யூசரைக் கழற்றுங்கள். வெட்டவெளியில் அந்த டிஃப்யூசர் பாதி வெளிச்சத்தைக் காற்றில் வீசும். பெரிய ஃப்ளாஷ் வாங்குவது இதற்கெல்லாம் பிறகு.

வெள்ளை உடை, கண்ணாடி, பளபளக்கும் பின்னணி இருந்தால் டிடிஎல் (லென்ஸ் வழியே அளந்து ஃப்ளாஷ் வலிமையைக் கேமராவே தீர்மானிக்கும் முறை) ஏமாந்து வெளிச்சத்தைக் குறைக்கும். காம்பன்சேஷனை +1க்கு ஏற்றுங்கள்.

### 5இ. படத்தின் ஒரு பகுதியில் கறுப்புப் பட்டை

ஷட்டர் வேகம் சின்க் எல்லையை (ஃப்ளாஷோடு போடக்கூடிய அதிகபட்ச வேகம்) தாண்டிவிட்டது. பெரும்பாலான பாடிகளில் எல்லை 1/160 முதல் 1/250. ரேடியோ ட்ரிகர் கொஞ்சம் தாமதிக்கும். எல்லை 1/200 என்றால் 1/160இல் வையுங்கள்.

கீழ்ப்பகுதியில் அரைவட்ட நிழல் என்றால் பாடியோடு வந்த பாப்-அப் ஃப்ளாஷை லென்ஸ் ஹூட் மறைக்கிறது. ஹூட்டைக் கழற்றுங்கள்.

ஃப்ளாஷே போடாமல், எல்இடி விளக்கடியில் கோடுகோடாகப் பட்டை வந்தால் அது விளக்கின் துடிப்பு. எலெக்ட்ரானிக் ஷட்டரை விடுத்து மெக்கானிக்கலுக்கு மாறி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸில் 1/60 அல்லது 1/120இல் எடுங்கள்.

விளக்கும் இல்லை, ஃப்ளாஷும் இல்லை, பகல் வெயிலில் 1/2000க்கு மேல் மட்டும் ஒரு ஓரம் இருள்கிறதா? ஷட்டர் திரை தளர்கிறது. சர்வீசுக்கு நேரம் வந்துவிட்டது.

### 5ஈ. தனியே வைத்த இரண்டாவது ஃப்ளாஷ் எரிகிறது, படத்தில் அதன் வெளிச்சம் இல்லை

அவசரப்பட்டு எரிந்திருக்கிறது. டிடிஎல் ஃப்ளாஷ் படத்துக்கு முன் ஒரு சிறு அளவீட்டு மின்னல் அடிக்கும். எஸ்1 மோடில் உள்ள ஸ்லேவ் (மற்ற ஃப்ளாஷின் மின்னலைக் கண்டு எரியும் ஃப்ளாஷ்) அதைப் பார்த்தே எரிந்து தீர்ந்துவிடும். ஸ்லேவை எஸ்2க்கு மாற்றுங்கள், அல்லது முதல் ஃப்ளாஷை மேனுவலில் வையுங்கள். வெயிலில் ஸ்லேவின் கண்ணுக்கு மின்னலே தெரியாது, அங்கே ரேடியோ ட்ரிகர்தான்.

### 5உ. எப்போதும் வெளுத்துப்போகிறது

ஃப்ளாஷ் மேனுவலில் 1/1இல் (முழு வலிமையில்) நிற்கிறதா? வேறு நிறுவனத்துக்குச் செய்த ஃப்ளாஷா? கேனானுக்கான ஃப்ளாஷ் நிகானில் நடு முனையால் மட்டும் எரியும், டிடிஎல் பேசாது. இரண்டும் இல்லையென்றால் காலடி முனைகளைத் துடையுங்கள். துடைத்தும், வேறு பாடியிலும் அதே கதை என்றால் ஃப்ளாஷின் மின்சுற்று. மலிவான ஃப்ளாஷுக்கு ரிப்பேர் கட்டாது.

### 5ஊ. ஒவ்வொரு முறையும் சார்ஜ் ஆக யுகம் ஆகிறது

அல்கலைன் பேட்டரியை மாற்றி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு (என்ஐஎம்எச்) போடுங்கள். 1.2 வோல்ட்தானே என்று தயங்க வேண்டாம். ஒரே மூச்சில் அதிக மின்சாரம் கொடுப்பது அதுதான். நான்கில் ஒன்று கிழடானாலும் நான்கும் கிழடுபோல நடக்கும். முழு வலிமையில் இருபது முப்பது முறை தொடர்ந்து அடித்தபின் மெதுவானால் அது சூட்டுக் காப்பு; பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

### 5எ. ஃபிலிம் காலத்து ஃப்ளாஷை மாட்டலாமா

அளக்காமல் மாட்டாதீர்கள். சிலவற்றின் ட்ரிகர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஐஎஸ்ஓ 10330 என்ற தரம் கேமரா 24 வோல்ட் தாங்க வேண்டும் என்கிறது. அதற்கு மேல் எவ்வளவு தாங்கும் என்பது பாடிக்குப் பாடி மாறும், கையேட்டில் பாருங்கள். ஃப்ளாஷைச் சார்ஜ் செய்து, மல்டிமீட்டரை டிசி 300 வோல்ட்டுக்கு மேல் உள்ள நிலையில் வைத்து, காலடியின் நடு முனைக்கும் பக்க உலோகத்துக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள். விரல் படக்கூடாது. அதிகம் இருந்தால் கேமராவில் மாட்டாமல் தனியே வைத்து, அதன் ஆப்டிகல் ஸ்லேவால் எரியவிடலாம்.

## 6. மூலை இருட்டு, பேய் வெளிச்சம்

நான்கு மூலையும் கருமை: ஹூட் கோணலாக மாட்டியிருக்கும், அல்லது ஃபில்டர் மேல் ஃபில்டர். ஏபிஎஸ்-சி லென்ஸை ஃபுல் ஃப்ரேம் பாடியில் போட்டாலும் இதே கதை. திறந்த அபெர்ச்சரில் மட்டும் லேசாக இருண்டால் அது லென்ஸின் இயல்பு, இரண்டு ஸ்டாப் மூடினால் போகும்.

இரவுப் படத்தில் விளக்குக்கு நேர் எதிர் மூலையில் பச்சைப் புள்ளி மிதந்தால் பாதுகாப்பு ஃபில்டரின் பிரதிபலிப்பு. கழற்றுங்கள். கழற்றியும் இருந்தால் விளக்கை ஃப்ரேமில் கொஞ்சம் நகர்த்துங்கள்.

வெயிலில் எஃப்/11இல் வெளுப்பு, எஃப்/3.5இல் சரி: அபெர்ச்சர் இதழில் எண்ணெய் ஏறி மெதுவாக மூடுகிறது. சர்வீஸ்.

## 7. சத்தம், இறுக்கம், சிக்கல்

ஆட்டினால் லென்ஸ் கலகலக்கிறது: ஸ்டெபிலைசர் உள்ள பல லென்ஸ்களில் அணைந்திருக்கும்போது இது இயல்பு. கேமராவைப் போட்டதும் சத்தம் நின்றால் கவலை வேண்டாம்.

ஜூம் வளையத்தில் நறநறப்பு: மணல். ப்ளோயரால் இடுக்குகளை ஊதி, ஈரமில்லாத மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். எண்ணெய் விடாதீர்கள், அது இதழ்களுக்கு ஊர்ந்து செல்லும். நறநறப்பு நீடித்தால் மேற்கொண்டு சுழற்றாமல் கொடுத்துவிடுங்கள்.

கழற்ற வராத ஃபில்டர்: விரல்களால் இறுக்கிப் பிடிப்பதால்தான் வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகுகிறது. அகலமான ரப்பர் பேண்டை விளிம்பைச் சுற்றி மாட்டி, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து மெதுவாகத் திருப்புங்கள். வராவிட்டால் ஃபில்டர் ரென்ச். விழுந்து வளையம் நசுங்கியிருந்தால் முறுக்காதீர்கள். நசுங்கிய ஃபில்டரை வெட்டி எடுப்பது சர்வீஸ்காரர் வேலை, லென்ஸின் முன் மரையைப் பிழைக்க வைக்க அதுவே வழி.